வீட்டை ஒட்டிய சாய்ப்பு அறை: டர்பன் வெயிலுக்கு எந்தக் கூரை?

வீட்டுச் சுவரை ஒட்டி ஒரு சாய்ப்பு இறக்கி, மூன்று பக்கமும் சன்னல் வைத்து அறையாக்குவதற்கு எவ்வளவு ஆகும், கூரைக்கு எதைப் போடுவது? டர்பனைச் சுற்றியுள்ள சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், டோங்காட் பக்கமிருந்து என்னிடம் வருகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. வீட்டு வரைபடம் போட்டு மாநகராட்சி அனுமதி வாங்கிக் கொடுப்பது என் தொழில். ஆயா உட்கார்ந்து வெளியே பார்க்க ஓர் இடம் வேண்டும் என்பார்கள். புரட்டாசிக்கும் தீபாவளிக்கும் எண்ணெய்ச் சட்டி வைத்துப் பலகாரம் சுட வேண்டும் என்பார்கள். பிள்ளைகள் படிக்க, துணி காயப்போட என்று இன்னும் பல. தேவைகள் எல்லாமே நியாயமானவை. ஆனால் கையில் கொண்டுவரும் படங்கள் பெரும்பாலும் இங்கிலாந்துக் கன்சர்வேட்டரிகள், அதாவது கூரையும் கண்ணாடியாலான அறைகள். அந்தக் கூரையை அப்படியே இங்கே எடுத்து வைத்தால் பணமும் போகும், வெயில் காலத்தில் அறையும் பயன்படாது.

காரணம் சூரியன் நிற்கும் உயரம். லண்டனில் டிசம்பர் நண்பகலில் சூரியன் அடிவானத்திலிருந்து 15 பாகைதான் ஏறும். அவர்களுக்கு அந்தக் கொஞ்ச வெயிலை உள்ளே பிடித்து வைப்பதுதான் நோக்கம், அதனால் கண்ணாடிக் கூரை. டர்பன் தென் அட்சரேகை 30 பாகையை ஒட்டி இருக்கிறது. நம் டிசம்பர் நண்பகலில் சூரியன் 83 பாகைக்கும் மேலே, கிட்டத்தட்ட உச்சந்தலையில் நிற்கும். ஜூனில்கூட 37 பாகை. ஆக, கோடை நண்பகல் வெயில் சுவரில் விழுவதில்லை, சன்னலிலும் விழுவதில்லை, முழுவதும் கூரையில்தான் விழுகிறது. சன்னலுக்கு விலையுயர்ந்த கண்ணாடி வாங்கிவிட்டு, மிச்சப் பணத்தில் கூரை போடுகிறவர்கள் வரிசையைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறார்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 6 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம் உள்ள அறை. சரிவும் வெளிநீட்டமும் சேர்த்துக் கூரை சுமார் 20 சதுர மீட்டர் வரும். மேகமில்லாத கோடை நண்பகலில் ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 1,000 வாட் வெயில் விழும். மொத்தம் 20 கிலோவாட். நிறமில்லாத பாலிகார்பனேட் (ஒளி புகும் பிளாஸ்டிக் ஷீட்) அல்லது சாதாரணக் கண்ணாடிக் கூரை அதில் முக்கால் பங்கை உள்ளே விட்டால் 15 கிலோவாட் சூடு அறைக்குள் இறங்குகிறது. படுக்கையறையில் மாட்டும் 12,000 பிடியூ ஏசி ஒன்று 3.5 கிலோவாட் சூட்டைத்தான் வெளியேற்றும். நான்கு ஏசி ஓடினாலும் போதாது.

அதே இடத்தில் வெறும் ஐபிஆர் தகடு (கூரைக்குப் போடும் நெளிவுள்ள உலோகத் தகடு) போட்டால், தகடு 60 பாகை செல்சியஸுக்கு மேல் காய்ந்து, அடிப்பக்கத்திலிருந்து 3 முதல் 4 கிலோவாட் வரை உள்ளே கக்கும். வெளிர் நிறத் தகடென்றால் இதைவிடக் குறையும். தகட்டின் கீழே சரியான இன்சுலேஷன் இருந்தால்? 300 வாட்டுக்குள் அடங்கிவிடும். 15,000, 4,000, 300. இவை தோராயக் கணக்குகள்தான், வீட்டுக்கு வீடு மாறும். ஆனால் இடைவெளி இவ்வளவு பெரிதாக இருக்கும்போது தோராயமே முடிவெடுக்கப் போதும்.

மின்கட்டணத்தையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். அந்த 12,000 பிடியூ ஏசி மணிக்குச் சுமார் 1.1 யூனிட் எடுக்கும். நான்கு ஏசி, தினம் ஆறு மணி நேரம், யூனிட் 3 ரேண்ட் என்று வைத்துக்கொண்டால் நாளுக்கு 80 ரேண்ட், மாதத்துக்கு 2,400 ரேண்ட் அளவில் வரும். யாரும் அப்படி ஓட்டப் போவதில்லை. அறையைப் பூட்டிவிட்டு வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துவிடுவார்கள். பெரிய பணம் போட்டுக் கட்டிய அறை டிசம்பரிலிருந்து மார்ச் வரை சாமான் போடும் இடமாகிவிடுவதை நான் நிறையவே பார்த்திருக்கிறேன், ஒவ்வொரு முறையும் மனசு கஷ்டப்படுகிறது.

கண்ணாடியும் பாலிகார்பனேட்டும்

கண்ணாடிக் கூரையைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. தலைக்கு மேலே போடுவது லேமினேட் செய்த பாதுகாப்புக் கண்ணாடியாக இருக்க வேண்டும். 6 மி.மீ. கனத்துக்கே சதுர மீட்டருக்கு 15 கிலோ, நம் 20 சதுர மீட்டருக்கு 300 கிலோ. அதைத் தாங்கச் சட்டமும் கனமாக வேண்டும். விலையில் உச்சம், வெயில் தடுப்பில் கடைசி. டர்பனில் இதை நான் யாருக்கும் சொல்வதில்லை.

பாலிகார்பனேட் விஷயம் அப்படி ஒரேயடியாகத் தள்ளக்கூடியதல்ல. 10 மி.மீ. இரட்டைச் சுவர் ஷீட் சதுர மீட்டருக்கு 1.7 கிலோதான். முழுக் கூரையும் 35 கிலோவுக்குள் முடிந்துவிடும். சட்டம் இலேசாக இருந்தால் போதும், வேலையும் சீக்கிரம் முடியும். கொட்டேஷனில் இதன் தொகை கண்ணைக் கவர்வது அதனால்தான். வெளிச்சமும் அருமையாக இருக்கும்.

ஆனால் விற்பவர்கள் '16 மி.மீ. போடுங்கள், இன்சுலேஷன் நல்லா இருக்கும்' என்று சொல்வதைக் கவனிக்க வேண்டும். கனமான ஷீட்டுக்குள் காற்றுக் குழல்கள் அதிகம், அதனால் உள்சூடு வெளியே போவது குறையும். அது குளிர்நாட்டுக் கணக்கு. நமக்குத் தொல்லை தருவது ஷீட்டின் வழியாக ஒளியாகவே உள்ளே வரும் வெயில். கனம் கூடினால் அது பெரிதாகக் குறைவதில்லை. பால் வெள்ளையோ வெண்கல நிறமோ எடுத்தால் ஓரளவு குறையும். அப்படியும் இன்சுலேஷன் போட்ட தகட்டின் பக்கத்தில் வர முடியாது.

அப்புறம் பொருத்தும் விதம். பாலிகார்பனேட் ஒரு மீட்டருக்கு, ஒரு பாகை வெப்பத்துக்கு 0.065 மி.மீ. நீளும். 3 மீட்டர் ஷீட், காலைக்கும் மதியத்துக்கும் 40 பாகை வித்தியாசம் என்றால் 8 மி.மீ. நீண்டு சுருங்குகிறது. இரும்பு அதில் ஐந்தில் ஒரு பங்குகூட அசையாது. ஆகவே திருகாணித் துளையை ஆணியைவிடப் பெரிதாகத் துளைத்து, அகலமான ரப்பர் வாஷர் வைத்து, இறுக்கி நசுக்காமல் விட வேண்டும். அவசரத்தில் துரப்பண மெஷினால் இறுக்கிவிட்டுப் போன கூரைகளில் வெயில் தாழும் நேரம் 'டிக், டிக்' என்று சத்தம் கேட்கும். ஷீட் சுருங்க இடமில்லாமல் ஆணியோடு மல்லுக்கட்டுகிற சத்தம் அது. கிட்டே ஏறிப் பார்த்தால் ஆணித் துளையைச் சுற்றி மயிரிழை போல் விரிசல் கிளம்பியிருக்கும். சில மழைக்காலம் கழித்து அங்கேதான் ஒழுகும். ஷீட்டின் மேல் முனையை அலுமினிய டேப்பாலும், கீழ் முனையைக் காற்றுப் போகும் டேப்பாலும் அடைக்க வேண்டும். இல்லையென்றால் குழல்களுக்குள் பாசியும் எறும்பும் குடியேறிவிடும். புற ஊதாக் கதிர்த் தடுப்பு பூசிய பக்கம் மேலே இருக்க வேண்டும். தலைகீழாகப் போட்டுவிட்டால் மஞ்சளித்து நொறுங்கும்.

தகடும் இன்சுலேஷனும், அல்லது ஒரே பேனல்

என் கணிப்பில் உண்மையான போட்டி இந்த இரண்டுக்கும் இடையில்தான்.

முதல் வழி, ஐபிஆர் தகடு போட்டு, கீழே இன்சுலேஷன் வைத்து, சீலிங் அடிப்பது. ஐபிஆர் ஒரு தகடு 686 மி.மீ. அகலத்தை மூடும். 6 மீட்டருக்கு ஒன்பது தகடு. பொருள் எல்லா ஹார்ட்வேர் கடையிலும் கிடைக்கும். வேலை தெரிந்தவர்கள் ஊரெங்கும் இருக்கிறார்கள். ஒரே மூச்சில் முடிக்க வேண்டும் என்றும் இல்லை. இந்த ஆண்டு தகடு, அடுத்த ஆண்டு சீலிங் என்று கையில் பணம் சேரச் சேரச் செய்யலாம். பல குடும்பங்களுக்கு இதுதான் நிஜமான சௌகரியம். ஆனால் தகட்டின் கீழே வரும் அலுமினியத் தாளை மட்டும் முதல் நாளே விரித்துவிடுங்கள். தகடு போட்ட பிறகு அதை உள்ளே நுழைப்பது பெரும்பாடு. அந்தத் தாள் வேலை செய்ய அதன் பளபளப்பான பக்கத்துக்கு எதிரே குறைந்தது 25 மி.மீ. காற்றிடைவெளி வேண்டும். இரண்டு பக்கமும் எதையாவது ஒட்டிக் கிடந்தால் பயனில்லை. இரவில் தகடு குளிர்ந்து அடியில் வியர்க்கும்போது சொட்டும் நீரையும் அந்தத் தாள்தான் கூரைச் சரிவில் வெளியே வடிக்கும்.

எவ்வளவு கனம் வேண்டும் என்பதற்கு ஓர் அளவுகோல் இருக்கிறது. சான்ஸ் 10400-எக்ஸ்ஏ என்ற தென்னாப்பிரிக்கக் கட்டட ஆற்றல் விதி 2011-இல் வந்தபோது கூரையின் மொத்த வெப்பத்தடைக்கு (ஆர் மதிப்பு; எண் கூடினால் சூடு குறைவாக நுழையும்) டர்பன் கடற்கரை மண்டலத்தில் 2.7 என்றும், ஜோகன்னஸ்பர்க் மண்டலத்தில் 3.7 என்றும் வைத்தது. 2021-இல் விதியைத் திருத்தினார்கள். நடப்பு எண்ணை வரைபடம் போடுகிறவர் சொல்ல வேண்டும். மனசில் வைத்துக்கொள்ள 2.7 நல்ல குறி. கண்ணாடிக் கம்பளி 100 மி.மீ. சுமார் 2.5 தரும், 135 மி.மீ. 3.4 தரும்.

இரண்டாவது வழி சாண்ட்விச் பேனல். மேலே ஒரு தகடு, கீழே ஒரு தகடு, நடுவில் நுரை. கூரை, இன்சுலேஷன், சீலிங் மூன்றும் ஒன்றாக வந்து இறங்கும். சதுர மீட்டர் விலையை மட்டும் பார்த்தால் வெறும் தகட்டைவிடப் பல மடங்கு. அதைப் பார்த்ததும் பலர் பின்வாங்கிவிடுகிறார்கள். அது சரியான ஒப்பீடு ஆகாது. தகட்டின் விலையோடு இன்சுலேஷன், சீலிங் போர்டு, அதைத் தாங்கும் கட்டைகள், பெயின்ட், அத்தனைக்கும் கூலி எல்லாம் கூட்டிவிட்டு எதிரே வையுங்கள். வித்தியாசம் வெகுவாகச் சுருங்கும். பேனலுக்குக் குறுக்குச் சட்டமும் குறைவாகவே தேவைப்படும்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. '50 மி.மீ. இன்சுலேட்டட் பேனல்' என்று கொட்டேஷனில் எழுதியிருந்தால் அது எதையும் சொல்லவில்லை. நடுவில் இருப்பது பாலியூரித்தேன் வகை நுரையா, வெள்ளைத் தெர்மோக்கோலா? பாலியூரித்தேன் வகை 50 மி.மீ. கனத்தில் 2-க்கு மேல் தரும். தெர்மோக்கோல் அதே கனத்தில் 1.35 அளவுதான். 2.7-ஐத் தொட 100 மி.மீ. வேண்டும். இரண்டையும் வெளியிலிருந்து பார்த்தால் ஒரே மாதிரி வெள்ளைத் தகடு. வெட்டு முனையைக் காட்டச் சொல்லிப் பாருங்கள். தெர்மோக்கோல் மணி மணியாகத் தெரியும்.

நம் வீடுகளுக்கு இதில் இன்னொரு கவலையும் உண்டு. அந்த அறையில் எரிவாயு அடுப்பும் எண்ணெய்ச் சட்டியும் வரப்போகிறது என்றால் தெர்மோக்கோல் பேனலை நான் ஒத்துக்கொள்வதில்லை. சூட்டில் அது உருகிச் சொட்டும், தீயும் பிடிக்கும். பேனலின் தீத்தரத்துக்குச் சான்ஸ் 428 சான்றிதழைக் கேட்டு வாங்குங்கள். சமையல் கட்டாயம் என்றால் தகடும் கண்ணாடிக் கம்பளியும் போட்டு, எரியாத சீலிங் அடிப்பது நிம்மதி. கண்ணாடிக் கம்பளி எரியாது.

சமையல் இல்லாத உட்காரும் அறை என்றால் பேனலுக்குச் சாதகமாக ஒரு பெரிய காரணம் இருக்கிறது. அது உயரம். சாட்ஸ்வொர்த்தின் பழைய கவுன்சில் வீடுகளின் கூரை விளிம்பு தாழ்வானது. அதன் கீழே தொடங்கி 3 மீட்டர் தூரம் 5 பாகை சரிவில் இறங்கினால் மறுமுனையில் 26 செ.மீ. குறையும். 10 பாகை என்றால் 53 செ.மீ. அதற்கு மேல் இன்சுலேஷனும் சீலிங்கும் 20 செ.மீ. தின்றுவிட்டால் அந்தப் பக்கச் சன்னலருகே தலை இடிக்கும். பேனல் 5 முதல் 7 செ.மீ.க்குள் அத்தனை வேலையையும் முடித்துவிடுகிறது. தாழ்ந்த விளிம்புள்ள வீடுகளுக்கு நான் பேனலைச் சொல்வது பெரும்பாலும் இதற்காகத்தான்.

வெளிச்சம் போய்விடுமே என்பார்கள். கூரை முழுக்க மூடினாலும் மூன்று பக்கச் சன்னலே ஏராளம். ஏற்கெனவே இருக்கும் அடுக்களை இருண்டுவிடுகிறது என்றால், வீட்டுச் சுவரை ஒட்டினாற்போல் ஒரே ஒரு வரிசை பால் வெள்ளைப் பாலிகார்பனேட் விடலாம். மேற்குச் சுவரில் சன்னலைச் சின்னதாக வையுங்கள். பிற்பகல் வெயில் தாழ்ந்து நேராக வருவது அந்தப் பக்கம்தான். வடக்குச் சன்னல் குளிர்காலத்துக்கு வரம். கூரையருகே உயரத்தில் திறக்கும் சன்னல் ஒன்று கட்டாயம் வேண்டும், சூடான காற்று அங்கேதான் தேங்கும்.

மூடாமலே விட்டால்?

எல்லாவற்றிலும் மலிவான தேர்வை யாரும் கேட்பதில்லை. நல்ல இன்சுலேஷன் கூரை போட்டு, பக்கங்களைத் திறந்தே விட்டு, வெராண்டாவாக வைத்துக்கொள்வது. சன்னல், கதவு, அலுமினியச் சட்டம் இவற்றின் செலவு அப்படியே மிச்சம். டர்பனில் சனவரியில் சராசரி அதிகபட்ச வெப்பம் 28 பாகைதான். நம்மை வாட்டுவது ஈரப்பதம். நிழலும் கடற்காற்றும் இருந்தால் அந்த ஈரப்பதத்தைச் சமாளிக்கலாம். கண்ணாடிக்குள் அடைத்துக்கொண்டு முடியாது. பலகாரம் சுடுவதும் திறந்த இடத்தில்தான் சுகம். பிற்பாடு மூட நினைத்தால் மூடலாம், கூரை ஏற்கெனவே சரியாக இருக்கும். முடிவெடுக்கத் தயங்குகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்.

ஆனால் பக்கம் திறந்த கூரைக்குக் காற்று எதிரி. 2024 சூன் 3 அன்று டோங்காட்டைச் சுழற்காற்று அடித்துப் போனதை நாம் மறக்க முடியாது. அப்படிப்பட்ட காற்றுக்கு எந்தச் சாய்ப்பும் ஈடுகொடுக்காது. சாதாரணப் புயல் காற்றுக்காவது தாங்க வேண்டும் அல்லவா? திறந்த பக்கம் வழியாக நுழையும் காற்று கூரையை அடியிலிருந்து தூக்கும். தூணை டைல்ஸ் மேல் போல்ட் அடித்து நிறுத்தக் கூடாது. குழி வெட்டிக் கான்கிரீட்டில் இறக்க வேண்டும். 35 கிலோ பாலிகார்பனேட் கூரையைப் பிடித்து வைப்பது அதன் எடையல்ல, ஆணியும் அடித்தளமும்தான்.

மழைநீரும் கணக்கில் வர வேண்டும். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் டர்பனின் சில இடங்களில் ஒரே நாளில் 300 மி.மீ.க்கு மேல் பெய்தது. சாய்ப்பின் 20 சதுர மீட்டரோடு, அதன் மேல் வடியும் வீட்டுக் கூரையின் 50 சதுர மீட்டரையும் சேர்த்தால் அந்த ஒரு நாளில் 21,000 லிட்டர். பழைய கட்டரை (கூரை விளிம்பின் மழைநீர்க் கால்வாயை) எடுத்துவிட்டுச் சாய்ப்பை ஒட்டுகிறவர்கள் இவ்வளவு நீரும் எந்தக் குழாயில் எங்கே போகும் என்று யோசிப்பதில்லை.

கொட்டேஷனில் வராத செலவுகள்

1977-ஆம் ஆண்டின் 103-ஆம் எண் கட்டடச் சட்டப்படி, அனுமதி பெற்ற வரைபடம் இல்லாமல் இப்படி அறை கட்டக் கூடாது. 500 சதுர மீட்டருக்குக் குறைந்த கட்டடத்துக்கு 30 நாளில் முடிவு சொல்ல வேண்டும் என்றும் அதே சட்டம் சொல்கிறது. வரைபடச் செலவை மிச்சம் பிடித்தவர்கள் வீட்டை விற்கும்போதோ காப்பீடு கேட்கும்போதோ அதைவிட அதிகம் கட்டுகிறார்கள். அடுக்களைச் சன்னல் இனி வெளியே திறக்காது, அதற்குக் காற்றும் வெளிச்சமும் எப்படி வரும் என்பதையும் வரைபடத்தில் காட்ட வேண்டும். வெளியே நின்ற எரிவாயு சிலிண்டர் சுவர் எழும்பியதும் உள்ளே வந்துவிடும். அதை இடம் மாற்றிப் புதுச் சான்றிதழ் வாங்க வேண்டும். தரைக்கு அடியில் சாக்கடைக் குழி இருந்தால் அதையும் நகர்த்த வேண்டும்.

பழைய வீட்டுக் கூரை ஆஸ்பெஸ்டாஸாக இருந்தால் தயவுசெய்து அதில் துளை போட விடாதீர்கள். 1960, 70-களில் எழுந்த வீடுகள் பலவற்றில் அதுதான் இருக்கிறது. துளைக்கும்போது கிளம்பும் தூசி நுரையீரலுக்குக் கேடு. வீட்டுப் பிள்ளைகளும் வேலைக்காரரும் அதைத்தான் சுவாசிப்பார்கள். சாய்ப்பின் மேல்விளிம்பைச் சுவரில் மட்டும் பொருத்தலாம். கூரையைத் தொட்டே ஆக வேண்டும் என்றால் பதிவுபெற்ற ஆஸ்பெஸ்டாஸ் ஒப்பந்தக்காரர் வேண்டும். அவர் கூலி தனி.

கடலருகே, பிளஃப், இசிபிங்கோ பக்கம் உப்புக்காற்று தகட்டையும் ஆணியையும் அரிக்கும். அங்கே சாதாரணத் துத்தநாகத் தகட்டைத் தவிர்த்து அலுமினியமோ அலுசிங்க்கோ (அலுமினியமும் துத்தநாகமும் கலந்து பூசிய தகடு) எடுங்கள், ஆணியும் அதற்குப் பொருந்தியதாக இருக்கட்டும்.

ஏற்கெனவே பாலிகார்பனேட் சாய்ப்பு வைத்துக்கொண்டு வெந்துகொண்டிருப்பவர்களுக்கு உள்ளே திரை போடுவது பெரிய பலன் தராது. சூடு அதற்குள் நுழைந்துவிட்டது. ஷீட்டுக்கு மேலே, கொஞ்சம் இடைவெளி விட்டு, நிழல் வலை கட்டுங்கள். செலவு குறைவு, பலன் உடனே தெரியும். ஷீட்டின் அடியில் சீலிங் அடித்து இன்சுலேஷன் அடைப்பதை நான் சொல்வதில்லை. மேலே வெயில் நுழைந்து இடையில் சிக்கி, சூடும் ஈரமும் அங்கேயே அடைபடும். அதற்குப் பதில் ஷீட்டைக் கழற்றிவிட்டு அதே சட்டத்தில் பேனல் போடலாமா என்று பாருங்கள். 35 கிலோவுக்கு அமைத்த சட்டம் 200 கிலோ பேனலைத் தாங்குமா என்பதைப் பொறியாளர் சொல்ல வேண்டும்.

ஜோகன்னஸ்பர்க் அருகே லெனேசியா, பிரிட்டோரியா அருகே லாடியம் பக்கத்து உறவினர்களுக்கு விடை கொஞ்சம் வேறு. அங்கே குளிர்கால இரவில் உறைபனி விழும். பகலில் மேகமில்லாத வெயில். வடக்குச் சுவர் முழுக்கக் கண்ணாடி வைத்து, கெட்டியான தரை போட்டால் பகல் சூடு இரவுவரை நிற்கும். அந்த ஊரில் சன்னலுக்குச் செலவழிப்பது வீண் அல்ல. கூரை மட்டும் அங்கேயும் மூடியதாகத்தான் இருக்க வேண்டும். 2013 நவம்பர் 28 ஆலங்கட்டி மழையைக் கண்டவர்களுக்கு அதற்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை. இன்சுலேஷனும் டர்பனைவிடக் கனமாகப் போட வேண்டும்.

கொட்டேஷன் வாங்கும்போது எல்லாரிடமும் ஒரே கேள்விகளைக் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். கூரையின் மொத்த வெப்பத்தடை எவ்வளவு, நடுவில் என்ன நுரை, தூண் எப்படி நிற்கிறது, கட்டர் எங்கே வடிகிறது, வரைபடக் கட்டணம் சேர்ந்ததா, 15 சதவீத வாட் வரி சேர்ந்ததா. முதல் கேள்விக்கு எண் சொல்லாதவரின் தொகை எவ்வளவு குறைவாக இருந்தாலும் ஒதுக்கி வையுங்கள். கடைசித் தவணையை, கூரையும் சுவரும் சேரும் இடத்தில் ஹோஸ் பைப் பிடித்து அரை மணி நேரம் தண்ணீர் விட்டுப் பார்த்த பிறகு கொடுங்கள்.